பெக்கோக் வேனில் முன் இருக்கை

வெள்ளி, காலை 9.30

கோலாலம்பூரில் பஸ் ஏறும்போதே எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். இந்த மூன்று நாளும் தனி வண்டி கிடையாது. பஸ், வேன், பங்கு டாக்சி என்று நாலு பேரோடு சேர்ந்து போகிற வண்டியில்தான் ஏறுவது. சாலைத் திட்டம் போடும் அலுவலகம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கணினித் திரையில் கோடு இழுப்பது என் தொழில். அந்தக் கோட்டின்மேல் மனிதர்கள் எப்படிப் போய் வருகிறார்கள் என்று பார்க்காமல் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் பக்கத்து மேசை சுதா சொன்னாள்: "எங்க அக்கா ஊர்ல பொம்பளைங்க சேர்ந்து ஒரு வேன் வச்சிருக்காங்க. ஃபேக்டரிக்குப் போக. போய்ப் பாரேன், சும்மா துள்ளிக்கிட்டு இருக்காம."

ஊர் பெக்கோக். ஜோகூர் மாநிலம், சிகாமட் மாவட்டம்.

சிகாமட் வரை பஸ் இருபத்து நாலு ரிங்கிட், மூன்று மணி நேரம். அங்கிருந்து லாபிஸுக்கு உள்ளூர் பஸ். லாபிஸிலிருந்து பெக்கோக்குக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. டாக்சிக்காரர் இருபது ரிங்கிட் கேட்டார். நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஐந்து. நான் காத்திருக்கிறேன் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு பேர் வர ரொம்ப நேரம் ஆகும், மிஸ்."

"ஆகட்டும் அங்கிள்."

ஐம்பது நிமிடம் ஆனது. வந்தவர்கள் காய்கறிப் பைகளோடு ஒரு சீன மூதாட்டியும், பள்ளி முடிந்து வீடு திரும்பும் அக்கா தம்பி இருவரும். பயணம் முழுக்க ஒரு முட்டைக்கோஸ் என் மடியில்தான் இருந்தது. இறங்கும்போது மூதாட்டி எனக்கு இரண்டு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டுப் போனார். தனி டாக்சியில் வந்திருந்தால் வெள்ளரிக்காய் ஏது?

வெள்ளி, மாலை 6.20

பெக்கோக் சின்ன ஊர். ரயில் நிலையம், எதிர் எதிரே கடை வரிசை, அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் இறங்கியது, பிறகு பத்துப் பெண்கள்.

சுதாவின் அக்கா கலைவாணியை உடனே அடையாளம் தெரிந்தது. அதே மூக்கு. "வா வா, சாப்பிட்டியா?" என்று கையைப் பிடித்தவர், நின்ற இடத்திலேயே மற்றவர்களைக் காட்டினார். காலைச் சற்று இழுத்து நடந்த புஷ்பா அக்கா. தலையில் தூடோங் கட்டிய மலாய்க்காரப் பெண்மணி காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் என்னைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். கடைசியாக, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிய சேகர் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது. இருபத்து நாலு வருடம் லோரி ஓட்டியவர், முதலில் மரம், பிறகு செம்பனைக் குலை.

எல்லோருக்கும் வேலை யோங் பெங்கில், சோபா உறை தைக்கும் தொழிற்சாலையில். வேனின் மீட்டர்படி ஒரு வழிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். முன்பெல்லாம் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் தனித்தனியாகப் போய் வந்திருக்கிறார்கள். வேன் வந்தது புஷ்பா அக்காவின் காலால்.

கலைவாணி அக்கா வீட்டுச் சமையலறையில் அன்று மாலை புஷ்பா அக்காவே சொன்னார். சேகர் அண்ணனின் மனைவி கொடுத்தனுப்பிய மீன் சம்பல் நடுவில் இருந்தது. கிண்ணத்தைக் கொண்டுவந்த அண்ணனும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"முன்னால லோரி. ஆடி ஆடிப் போகுது. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு. லோரிக்காரன் எடது சிக்னல் போட்டான். நான் பொட்டோங் பண்ணிட்டேன்."

பொட்டோங் என்றால் முந்துவது. இந்தப் பழைய சாலைகளில் போகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போக ஒரு தடம், வர ஒரு தடம். பெரிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் லோரிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எதிரே சாலை காலியாக இருந்தால் இடது விளக்கை இரண்டு தடவை மினுக்குவார்கள். "வா, முந்திக்கோ" என்று அர்த்தம். முந்துகிறவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். சட்டப் புத்தகத்தில் இல்லாத மரியாதை. நாடு முழுக்க நடக்கிறது. நானே எத்தனையோ தடவை அதை நம்பிப் போயிருக்கிறேன்.

"அவன் பார்த்தப்ப காலியாத்தான் இருந்துச்சு. செம்பனைக் காட்டுச் சந்துலேருந்து காடி திரும்புனத அவனும் பார்க்கல, நானும் பார்க்கல." புஷ்பா அக்கா முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினார். "உள்ள கம்பி இருக்கு. மழை வரும்னா வானிலை அறிக்கைக்கு முந்தி இது சொல்லிடும்."

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மற்றவர்கள் கூடிப் பேசி, பழைய வேன் ஒன்றைச் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். ஓட்ட சேகர் அண்ணன். அவருக்கும் பெண்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பு. வகுப்பிலிருந்து வேனுக்கு இரண்டு விதிகள் வந்தன. முதலாவது, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்குப் பெயர் கண்ணு சீட்டு. முறை வைத்து தினம் ஒருவர் உட்காருவார். தூங்கக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது, தப்பு தெரிந்தால் அந்த நொடியே வாய் திறந்து சொல்ல வேண்டும். இரண்டாவது விதி புஷ்பா அக்காவுடையது.

"இன்னொருத்தன் கண்ணை நம்பி பொட்டோங் பண்ணா, அன்னியோட சாவி கை மாறும். யாரா இருந்தாலும் சரி."

"என்னைத்தான் சொல்றா," என்றார் சேகர் அண்ணன் சிரித்துக்கொண்டே. "எட்டு மாசமாச்சு. ஒரு நாள் பண்ணியிருக்கேனா?" பிறகு சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "பண்ணவும் முடியாதும்மா. முதுகு போச்சுன்னு லோரியை விட்டேன். மக பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷம். இந்த வேன் போனா இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

நான் அதை எங்கே காதில் வாங்கினேன்? என் வாய் ஏற்கனவே வேறு இடத்தில் இருந்தது. "அக்கா, நாளைக்கு அந்தச் சீட்ல நான் உக்காரட்டுமா? ப்ளீஸ்!"

நாளைய முறை காக் ரோஸுடையதாம். கலைவாணி அக்கா கைப்பேசியில் கேட்டார். பதில் உடனே வந்தது: தாராளமா, நான் தூங்கிக்கிறேன்.

சனி, காலை 6.45

வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. வேன் ரயில் நிலையத்தைவிட்டுக் கிளம்பியது. கண்ணு சீட்டில் நான், முதுகை நிமிர்த்தி, ஏதோ விமானம் ஓட்டப் போகிறவள்போல. ஐந்தாவது நிமிடத்தில் பின்னால் பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள். மோட்டாரில் போன காலத்தில் இந்த நேரத்துக்குக் கண்ணில் காற்றும் பூச்சியும் அடித்திருக்கும் என்று முந்தைய நாள் சொல்லியிருந்தார்கள். இப்போது ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே நெஞ்சு நிறைந்தது.

சேகர் அண்ணன் அழகாக ஓட்டினார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். "சந்து வருது, எடது பக்கம்" என்று நான் சொன்னால், "ம், பார்த்தேன், சந்தோஷம்" என்பார். சாஆ தாண்டிப் பெரிய சாலையில் ஏறினோம். ஏறிய சில நிமிடங்களில் முன்னால் ஒரு லோரி. செம்பனைக் குலை கூரைவரை. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. நாங்கள் பின்னால் முப்பதில் ஊர்ந்தோம்.

லோரியின் இடது விளக்கு இரண்டு தடவை மினுக்கியது.

சேகர் அண்ணன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கால் தானாக அழுத்தியது, கை தானாகத் திருப்பியது. வேன் வலது தடத்தில் இருந்தது. லோரியின் சக்கரங்கள் என் ஜன்னலை ஒட்டி ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மேட்டின் உச்சியில் வெள்ளைக் கார் ஒன்று தெரிந்தது. தூரம்தான். அது விளக்கை அடித்தது. நாங்கள் இடது தடத்துக்குத் திரும்பினோம். கார் கடந்து போனது. அண்ணன் பழக்கத்தில் லோரிக்கு நன்றியாக ஹாரனை இரண்டு தடவை தட்டினார். தட்டியவர் அப்படியே உறைந்துபோனார்.

பின்னால் யாரும் விழிக்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இவர் சாவி போகும். நேற்று இவர் வீட்டு மீனைச் சாப்பிட்டேன். மகள், பாலிடெக்னிக். வயதில் பெரியவர், அண்ணன். இரண்டு நாள் விருந்தாளி நான், இதைச் சொல்ல நான் யார்? ஒன்றும் ஆகவில்லையே! இப்படி ஒரு நாலைந்து கிலோமீட்டர் போனது.

"தங்கச்சி."

"அண்ணே."

"பார்த்தேல்ல?"

"...பார்த்தேன்."

"அப்புறம் ஏன் கத்தல?"

"இல்லண்ணே, ஒண்ணும் ஆகலையேன்னு..."

"ஆச்சா ஆகலையான்னு நான் கேட்கல." குரலை உயர்த்தவே இல்லை. "லைட்டு மினுக்குனதும் நீ 'வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கால் நின்னிருக்கும். அதுக்குத்தான்மா அந்தச் சீட்டு. மரியாதை குடுக்க இல்ல."

என் காது சுட்டது. அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தில் வேனைத் திருப்பி நிறுத்தினார்.

சனி, காலை 7.25

"என்ன, டயரா?" என்று முதலில் விழித்தது காக் ரோஸ்.

சேகர் அண்ணன் இறங்கி, பக்கக் கதவைத் திறந்து, எல்லோரும் கண்ணைத் துடைக்கும்வரை காத்திருந்தார். "பொட்டோங் பண்ணிட்டேன். லோரி சிக்னலை நம்பி. எதிர்ல காடி வந்துச்சு. தங்கச்சி மேல தப்பில்ல."

"என் மேலயும் இருக்கு," என்றேன். "பார்த்தேன், சொல்லல. அண்ணனைப் போய் எப்படிச் சொல்றதுன்னு..."

காக் ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்! இந்தச் சீட்ல அண்ணன் தம்பியெல்லாம் கெடையாதும்மா. நான் இவரை மாடு மாதிரின்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன், கேட்டுப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் புஷ்பா அக்காவைப் பார்த்தார்கள். அவர் இருக்கையின் விளிம்புவரை நகர்ந்து வந்தார், கீழே இறங்கவில்லை. சேகர் அண்ணன் சாவியை நீட்டினார். புஷ்பா அக்கா அதை வாங்காமல் கலைவாணி அக்காவைக் கண்ணால் காட்டினார். ஆட்களை ஏற்றிப்போகும் லைசன்ஸ் அக்காவிடமும் இருக்கிறது. எடுத்து மூன்று மாதம் ஆகியும், பெரிய சாலையில் ஓட்டியதில்லை.

"இப்பவா?" என்றார் கலைவாணி அக்கா.

"வேற எப்ப? எட்டு மணிக்கு ஷிஃப்ட்டு லா," என்றார் புஷ்பா அக்கா.

மிச்ச தூரத்தைக் கலைவாணி அக்கா ஓட்டினார். கண்ணு சீட்டில் காக் ரோஸ், அசல் சொந்தக்காரர். நானும் சேகர் அண்ணனும் கடைசி வரிசையில், தண்டனை வாங்கிய இரண்டு பிள்ளைகள்போல. தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது புஷ்பா அக்கா ஒன்றுதான் சொன்னார்: "சாயந்தரம் பேசலாம்."

சனி, பகல்

யோங் பெங்கிலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு உள்ளூர் பஸ்ஸில் போனேன். மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆளுயரப் பூச்சாடிகள், தவளைகள், யானைகள், விலை பேசிக்கொண்டே இருக்கும் சுற்றுலாப் பயணிகள். வேறொரு நாளில் என்றால் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்று எட்டு ரிங்கிட்டுக்கு ஒரு சின்னக் குவளை வாங்கினேன். அதன் நிறம் என்ன என்றுகூட தங்கியிருந்த அறைக்குத் திரும்பித்தான் பார்த்தேன். ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போகப் போகிறது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காது. வெயிலில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

சனி, மாலை 5.15

தொழிற்சாலை வாசலில் வேன் நின்றது. யாரும் ஏறவில்லை. சேகர் அண்ணன் பகல் முழுக்க அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

புஷ்பா அக்கா வேனில் சாய்ந்துகொண்டு பேசினார். "எனக்கு அடிபட்டப்ப அந்த லோரிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. 'நல்லதுக்குத்தாம்மா சிக்னல் போட்டேன்'னு அழுதாரு. எனக்குத் தெரியும், நல்லதுக்குத்தான். அதான் கஷ்டம், கெட்டவன்னா திட்டிட்டுப் போயிடலாம்."

சேகர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேகரு, நாங்க பத்துப் பேரும் தூங்குனோம். இந்தப் பிள்ளை வாயே திறக்கல. நீ பேசாம ஓட்டியிருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாது. எழுப்பிச் சொன்னே பாரு. எழுப்பிச் சொல்ற டிரைவரை விட்டுட்டு நான் எங்க போய்த் தேடுவேன்? ஆனா விதி விதிதான். சாவி கலை கிட்ட. நீ டீச்சரம்மா வகுப்புல நாலு ஞாயிறு திரும்ப உக்காரு. அதுவரைக்கும் தெனம் கண்ணு சீட்டு உனக்குத்தான், கலைக்குச் சொல்லிக் குடு. அப்புறம் சாவிய வாங்கிக்கோ. சம்மதமா எல்லாருக்கும்?"

ஒன்பது தலைகள் ஆடின.

சேகர் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, நம்ப மாட்டீர்கள், பேரம் பேசினார். "நாலு ஞாயிறா? மூணு போதாதா?"

"அஞ்சு!" என்றார் புஷ்பா அக்கா.

"நாலே இருக்கட்டும்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். காக் ரோஸ் என் தலையில் தட்டி வேனுக்குள் தள்ளினார்.

ஞாயிறு, காலை 9.00

வகுப்பு கோயில் மண்டபத்தில். டீச்சரம்மா என்றதும் கண்ணாடி போட்ட ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். வகுப்பு எடுக்கும் நிர்மலாவுக்கு இருபத்தெட்டு வயது, என்னைவிட மூன்று வயதுதான் மூப்பு. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர். பாதிப் பேர் லோரி ஓட்டுநர்கள்.

அவர் கரும்பலகை எதுவும் வைத்திருக்கவில்லை. மண்டபத்தில் நாற்காலிகளை லோரியாக அடுக்கி, ஓர் ஓட்டுநரை அதன் பின்னால் குந்தவைத்து, "முன்னால யாரு நிக்கிறா, சொல்லுங்க" என்றார். தெரியவில்லை. லோரிக்காரராக முன்னால் உட்கார்ந்தவரிடம், "உங்களுக்குப் பின்னால எத்தனை பேரு?" என்றார். அவருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான் பாடம்.

சிவப்புச் சட்டை போட்ட இளம் லோரிக்காரர் ஒருவர் விடவில்லை. "டீச்சர், பின்னால பத்துக் காடி வரிசையா நிக்குது. சிக்னல் போட்டு விடுறது ஒரு உதவிதானே? போடலன்னா திமிரு புடிச்சவன்னு திட்டுறாங்க."

நிர்மலா பதில் சொல்லும் முன் சேகர் அண்ணன் எழுந்தார். யாரும் கேட்கவில்லை. நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், ஹாரன் தட்டியதுவரை. "உதவி பண்ணனும்னா எடம் பார்த்து ஓரமா நிறுத்தி வழி விடு தம்பி. ரெண்டு நிமிஷம் போகும். போகட்டும். உன் கண்ணை மட்டும் எவனுக்கும் கடன் குடுக்காத. நான் இருபத்து நாலு வருஷம் குடுத்தேன். எத்தனை பேரு ஒழுங்கா வீடு போய்ச் சேர்ந்தான்னு எனக்குத் தெரியாது."

சிவப்புச் சட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் இடைவேளையில் சேகர் அண்ணனுக்கு அவர்தான் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிறு, பகல் 1.15

சிகாமட்டிலிருந்து இரண்டரை மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். கலைவாணி அக்காவுக்குப் பெரிய சாலையில் பழக வேண்டும் என்பதால் வேனிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். கண்ணு சீட்டில் சேகர் அண்ணன். பின்னால் நானும், ஊர் சுற்றக் கிளம்பிய புஷ்பா அக்காவும்.

லாபிஸ் தாண்டியதும் மணல் லோரி ஒன்று முன்னால் வந்தது. நாற்பதில் போனது. நேரம் 1.50. லோரிக்காரர் நல்லவர், இடது விளக்கை மினுக்கினார்.

கலைவாணி அக்காவின் கழுத்து விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"தங்கச்சிக்குப் பஸ்ஸு..." என்றார் அக்கா.

"இருக்கட்டும். இரு," என்றார் சேகர் அண்ணன்.

லோரி மறுபடி மினுக்கியது. ஹாரன் நீண்டது. எனக்கும் அவசரமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தடவை வாயைத் திறந்தேன். "அக்கா, வேணாம். பஸ் போனா போகட்டும்."

சேகர் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நாங்கள் அந்த மணல் லோரியின் பின்னாலேயே போனோம்.

சிகாமட் பஸ் நிலையத்துக்கு வந்தபோது 2.40. கோலாலம்பூர் பஸ் போய்விட்டிருந்தது. கலைவாணி அக்கா என்ஜினை அணைத்துவிட்டு, கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், "ஸாரிமா, உன் பஸ்ஸை விட்டுட்டேன்" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

அடுத்த பஸ் நாலரைக்கு. புது டிக்கெட்டுக்கு இன்னும் ஓர் இருபத்து நாலு ரிங்கிட். நாலு பேரும் தே தாரிக் குடித்தோம்.

என் வீடு தைப்பிங். அப்பா நல்ல ஓட்டுநர் என்று எங்கள் குடும்பமே சொல்லும். பெருநாளுக்கு ஊர் போகும்போது அவர் லோரிகளை வரிசையாக முந்துவார். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வார். தம்பி கண்ணை மூடிக்கொள்வான். பக்கத்துச் சீட்டில் நான்தான் இருப்பேன். இருபது வருடமாக அந்தக் காரில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். ஒருவேளை அவரும் சேகர் அண்ணனைப்போல, ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூடியவராக இருக்கலாம். நாங்கள் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்ததே இல்லை.

பஸ் வரும்வரை மூவரும் என்னோடு இருந்தார்கள். போகச் சொன்னேன், கேட்கவில்லை. ஏறும் முன் சேகர் அண்ணனிடம், "நாலாவது ஞாயிறு சாவி வாங்குனதும் எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"சொல்றேன். அதுவரைக்கும் இவளைக் காப்பாத்தணும்," என்று கலைவாணி அக்காவைக் காட்டினார். "இப்ப திரும்பிப் போற வழியில எத்தனை லோரியோ."

பஸ் கிளம்பியபோது வேனும் கிளம்பியது. நிலைய வாசலில் அது இடதுபுறம் போக, நாங்கள் வலதுபுறம் திரும்பினோம். திறந்திருந்த அதன் ஜன்னல் வழியாகச் சேகர் அண்ணனின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது: "மெதுவா கலை, மெதுவா. நமக்கு என்ன அவசரம்?"